பனிமலையிலிருந்து இரண்டாம் கியரில்

கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று எங்கள் ஆட்கள் விமானம் ஏற எத்தனையோ காரணங்கள் உண்டு. தங்கை ஒரு மேசைக்கு முன்னால் நின்று நாலு வரி வாசிப்பதைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலிக்குப் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தங்கை வதனிக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. கிடைத்தது என்று அறிவிப்பு வந்து ஆறு மாதத்துக்குள் நகரசபை அலுவலகத்தில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த அலுவலகத்தை அங்கே கொமூனே என்கிறார்கள். செய்யாவிட்டால் எல்லாம் தண்ணீரில் போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கொடுத்த நாளில் அவள் போகவில்லை. அவள் பராமரிக்கும் மூதாட்டிக்கு அன்று நெஞ்சுச்சளி, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லையாம். இப்போது கிடைத்திருப்பது ஆறு மாதத்தின் கடைசிக் கிழமையில் ஒரு வியாழக்கிழமை.

இந்தச் சத்தியம் எங்களுக்கு ஏன் பெரிதென்றால், அப்பா செத்தபோது வதனி வரவில்லை. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி, அப்போது புதுப்பிப்பில் கிடந்தது. போனால் திரும்பி வர விடுவார்களோ என்ற பயம். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சுடலை வாசல் வரை நடந்தேன். அவள் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், வேலை செய்யும் வீட்டின் குளியலறைக்குள் இருந்து பார்த்தாள். இனி ஒருமுறை அப்படி நடக்கக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே பிடிவாதம்.

விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தது அவள் கணவன் கேதீசும் மகள் அபியும் மட்டும்.

"அம்மா எங்கை?"

"மலையிலை, பெரியம்மா. நெவே!" என்றாள் அபி. நெவே என்றால் பனி. தமிழில் தொடங்கி சிசிலிக்காரர் போலக் கையை ஆட்டி முடிக்கிற பிள்ளை. "பஸ் இல்லை. றோட்டெல்லாம் சிவொலா. இப்பிடி, ஷ்ஷ்ஷ்..." என்று உள்ளங்கையை வழுக்க விட்டுக் காட்டினாள்.

விஷயம் இதுதான். சின்யோரா, அதாவது வதனி பராமரிக்கும் அந்த மூதாட்டி, நத்தார்ப் பண்டிகைக்குத் தன் பிறந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். பலெர்மோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், மடோனியே மலையில் ஏதோ ஓர் ஊர். பராமரிப்பவள் என்பதால் வதனியும் கூடவே போனாள். ஜனவரி ஆறில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் இறங்குவதாக ஏற்பாடு. அதற்குள் பனி கொட்டி, பஸ் நின்று, மிலானில் இருக்கும் அவருடைய மகன் "பனி கரையட்டும், அவசரம் என்ன?" என்று போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு என்ன அவசரம், அவன் இத்தாலியனாகவே பிறந்தவன். நான் வந்திறங்கியது செவ்வாய்க்கிழமை.

"ஜீப் ஒண்டு கிடைக்குமோ?" என்று கேட்டேன்.

கேதீஸ் என்னைப் பார்த்த பார்வையில் பாதி நம்பிக்கை, பாதி கிலி. நான் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் ஒரு நிறுவனத்தில் சாரதி. நாலு சில்லும் இழுக்கும் ஜீப்தான் என் சோறு. மாரி மழையில் ரக்டர்களே புதைந்துபோகும் செம்மண் சேற்றில் ஆட்களை ஏற்றிப்போய், பின்னேரம் ஒருவர் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து இறக்கியவள். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். அன்றும் சொன்னேன்.

அவர்கள் வீடு அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னாலுள்ள சந்தில் இரண்டாம் மாடி. சாமான்களை மேலே போட்டதும் கேதீஸ் கீழே கூட்டிப்போய்ச் சாப்பிட வாங்கித் தந்தார். கடலை மாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். எங்கள் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம், மிளகாய்தான் இல்லை. கேதீஸ் சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தார். மனிதர் எங்கே போனாலும் அதோடுதான் போகிறார்.

காலையில் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிற கேதீஸ், பழக்காலத்தில் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடை பறிக்கவும் போகிறார். அங்கே காய்கள் பிந்திப் பழுப்பவை. ஊரெல்லாம் தோடம்பழக் காலம் முடிகிற நேரத்தில்தான் இனிப்பேறுகின்றன. அந்தத் தோட்டத்து முதலாளியிடம் ஒரு பழைய சின்ன ஜீப் நின்றது. சங்கிலியும் இருந்தது. பனிக்காலத்தில் மலைப் பாதையில் போகிற வண்டியில் சில்லுக்குப் போடும் சங்கிலி இல்லாவிட்டால் பொலிஸ் திருப்பி அனுப்பிவிடும். முதலாளி சாவியைத் தரும்போது என்னைக் கால் முதல் தலை வரை பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"வண்டி கிழவிதான், ஆனா கால் நல்லமாம்."

வண்டியைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே தோட்டத்து வெறும் சாலையில் சங்கிலியை மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பழகினேன். பனியில் விரல் விறைத்த பிறகு பழகுவது முட்டாள்தனம். அதில் மட்டும் நான் புத்திசாலியாக இருந்தேன்.

புதன்கிழமை காலை புறப்படும்போது கேதீஸ் ஜீப்பின் முகப்பில் மூன்று குறி திருநீறு இழுத்தார். பிறகு நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சை வைத்தார். சிசிலியில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் எங்கள் ஊர்த் தேசிக்காயைவிட மூன்று மடங்கு பெரிது. நான் வண்டியை எடுத்ததும் ஒன்று வெடித்து, எதிர்வீட்டு வாசலில் நின்ற பெண்ணின் சப்பாத்தில் தெறித்தது. "அந்த எலுமிச்சை உங்களுக்கு என்ன பாவம் செய்தது?" என்று அவள் கத்தினாளாம். கேதீஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடற்கரைப் பாதையில் வெயிலில் கண் கூசியது. வலது பக்கத்தில் மலைகள் வெள்ளையாக நின்றன. காய்ந்த தார்ச் சாலையில் நாலு சில்லையும் இழுக்க விடக் கூடாது, பல்சக்கரம் தேயும் என்று கேதீசுக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினேன். அவர் ஓம், ஓம் என்றார். இரண்டு வருடத்துக்கு முன் பனியில் ஒரு மதிலோடு மோதியதிலிருந்து அவர் மலைப்பக்கம் வண்டி ஓட்டுவதில்லை. அந்தக் கதையை மூன்று தரம் சொன்னார்.

ஏறத் தொடங்கியதும் பனி வந்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், பிறகு எல்லாமே அதுதான். பொலிஸ்காரர் மறித்து, சங்கிலியைப் பார்த்து, என்னையும் பார்த்து, போகச் சொன்னார். சங்கிலியை மாட்டினேன், கியர்க் கம்பிக்குப் பக்கத்திலிருந்த குட்டி நெம்பைத் தள்ளி நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்தேன். வண்டி கும்மென்று ஏறியது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

சேற்றுக்கு எங்கள் சாரதிகள் எல்லோரும் அறிந்த ஒரே விதி: நிற்காதே. மேட்டைக் கண்டால் வேகம் எடு, சில்லு சுற்றினால் சுற்றட்டும், சேறு பறந்தால் பறக்கட்டும், அழுத்திக்கொண்டே இரு. கீழே எங்கேயோ கெட்டி மண் உண்டு; சில்லு அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இருபது வருடமாக என் கால் இதை மட்டுமே படித்தது.

ஊருக்கு முந்திய கடைசி வளைவு மலையின் நிழலில் இருந்தது. மேடு. நான் அழுத்தினேன்.

பனிக்குக் கீழே கெட்டி மண் இல்லை, பளிங்குதான் இருக்கிறது. நாலு சில்லும் ஒரே நேரத்தில் சுற்றின. சுற்றச் சுற்ற, அடியிலிருந்த பனி இன்னும் மினுங்கியது. வண்டி ஏறுவதை நிறுத்தி, ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். அதுதான் அடுத்த பிழை. ஜீப் பாதைக்குக் குறுக்காகத் திரும்பி, பின்சில்லு ஓரத்துப் பனிமேட்டில் மோதி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்.

கேதீஸ் "முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கைபிரேக்கை இழுத்துப் பிடித்தேன். கண்ணிவெடிக் காணிகளுக்குள் போய்வந்தபோதும் நான் இப்படிப் பயந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் பனி அள்ளும் வண்டி மேலிருந்து வந்தது. அதன் சாரதி ஒரு தடித்த மனிதர். என்னைத் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. கம்பியைக் கட்டி எங்களை நேராக்கிவிட்டு, ஜீப்பின் கதவில் தட்டிச் சொன்னதைக் கேதீஸ் மொழிபெயர்த்தார்.

"அக்கா, இழுக்கிறதுக்குத்தான் நாலு சில்லு உதவுமாம். நிப்பாட்டுறதெண்டா உங்கட ஜீப்பும் ஒண்டுதான், சந்தையிலை நிக்கிற சின்னக் காரும் ஒண்டுதானாம். ரெண்டாம் கியரைப் போட்டிட்டுக் காலை எடுங்கோவாம். பியானோ, பியானோ."

பியானோ என்றால் மெல்ல. பனி வண்டிக்காரர் பெரிய உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அமுக்கிக் காட்டினார், படுத்திருக்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல. இன்றைக்கு இனி அந்த வளைவில் வெயில் படாது, இறங்க வேண்டாம்; நாளைக் காலை இதைவிட மோசமாக இருக்கும், வெயில் படுகிறவரை பொறுங்கள் என்றும் சொன்னார்.

மெல்ல ஏறினோம். உண்மையிலேயே ஏறியது.

சின்யோராவின் வீட்டுக் கதவைத் திறந்த வதனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். சின்யோரா சக்கர நாற்காலியில் இருந்தபடி, "அழுகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டு அழட்டும், குளிர் உள்ளே வருகிறது" என்றாராம். தொண்ணூறு வயதை நெருங்கும் மனுஷி. பருப்பு சூப் தந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் எங்கள் வீட்டு மணம்.

"சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டனான். இல்லாட்டி இப்ப இவ குடிக்கமாட்டா" என்றாள் வதனி. தன் ஊர்ச் சூப்பே இப்படித்தான் என்று சின்யோரா அடித்துச் சொன்னார்.

வியாழன் விடியற்காலையில் வதனி உடுத்து ஆயத்தமாகி நின்றாள். நீலச் சட்டை, அதற்கு மேல் தடித்த மேலங்கி. சின்யோராவையும் உடுத்திவிட்டாள்; தனியே விட்டுவர முடியாது, அவரும் வந்தே ஆக வேண்டும். கொமூனே ஒரு மணிக்கு மூடிவிடும்.

நான் வாசலில் நின்று கீழே பார்த்தேன். வளைவு கறுத்துக் கிடந்தது.

"இப்ப போகேலாது. வெயில் வரட்டும்."

"அக்கா, விளையாடுறியோ?"

"வளைவுக்கு வெயில் வரட்டும். அதுக்குப் பிறகு வெளிக்கிடுவம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீ வேணுமெண்டுதான் பிந்தப் பண்ணுறாய். நான் இத்தாலிக்காரியா மாறுறது உங்கள் ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை. இனி நீ அந்த நாட்டாள்தானே எண்டு அம்மா போனிலை சொன்னவ. நீயும் அதைத்தான் நினைக்கிறாய்."

சுருக்கென்று தைத்தது. அம்மா சொன்னது எனக்குத் தெரியும். அதைக் கேட்ட அன்று எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்ததும் உண்மை. ஆனால் அதற்கும் இந்த வளைவுக்கும் சம்பந்தமில்லை.

"பிடிக்கேல்லையெண்டா நான் யாழ்ப்பாணத்திலையே இருந்திருப்பன், விசர்ப்பெட்டை. நேற்று அந்த வளைவிலை அவசரப்பட்டு உன்ரை புருஷனைக் கொல்லப் பார்த்தனான். இண்டைக்கு அவசரப்படமாட்டன். உன்னைச் சத்தியம் செய்ய வைக்கிறதெண்டா முழுசாக் கொண்டுபோய்த்தான் வைப்பன்."

"பிந்திப் போனால்?"

"பிந்தாது."

அது எனக்கே தெரியாத விஷயம். ஆனால் சொல்லிவிட்டேன். வதனி உள்ளே போய் அடுப்பைக் கிளறத் தொடங்கினாள். கோபம் வந்தால் வேலை செய்கிற பழக்கம் அவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. விறகடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டுவந்து, கால் வழுக்காமலிருக்க வாசற்படிகளில் தூவினாள். அந்த மலையில் எல்லா வீட்டுக்காரரும் காலையில் செய்வதுதான். பிறகு ஏதோ நினைத்தவளாய் நிமிர்ந்தாள்.

"அக்கா, வாளி ஜீப்புக்குள்ளை வைக்க இடமிருக்கோ?"

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வாளி சாம்பல் வாங்கினோம். ஒரு வாளியைச் சின்யோராவின் காலடியில் வைத்தபோது அவர் பெரிதாக முணுமுணுத்தார்.

வெயில் வளைவைத் தொட்டதும் புறப்பட்டோம். சின்யோரா முன்னால், வதனியும் கேதீசும் பின்னால். நான் வதனியிடம் சொன்னேன்: "எனக்குக் கால் பழகிப்போச்சு. நான் வேகம் எடுத்தாலோ பிரேக்கிலை கால் வைச்சாலோ நீ சத்தம் போடு. ரெண்டாம் கியர் எண்டு சொல்லு."

"நான் சொன்னா நீ கேப்பியோ?"

"இண்டைக்கு மட்டும்."

முதல் இறக்கத்திலேயே கால் தன்பாட்டில் பிரேக்குக்குப் போனது. "ரெண்டாம் கியர்!" என்று காதுக்குள் ஒரு கூச்சல். காலை எடுத்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைத் தானே பிடித்துவைத்தது. ஸ்டியரிங்கை ஒடிக்காமல், போக வேண்டிய பக்கத்தை மட்டும் பார்த்தபடி இறக்கினேன்.

வளைவில் பாதிக்கு வெயில் விழுந்திருந்தது. உட்பாதி இன்னும் நிழல், இன்னும் பளிங்கு. மேலேயே வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னேன். சின்யோரா மறுத்துவிட்டார். "இந்தச் சாலையில் நான் கழுதையில் இறங்கியவள். ஜீப்பிலிருந்து ஏன் இறங்க வேண்டும்?" என்றாராம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

வதனியும் கேதீசும் வாளிகளோடு நடந்துபோய், என் சில்லுகள் போகவேண்டிய இரண்டு தடத்திலும் சாம்பலைத் தூவினார்கள். வதனி வாசலில் கோலம் போடுகிறவள் மாதிரிக் குனிந்து குனிந்து தூவினாள். கேதீஸ் கடைசிப் பிடியைத் தூவுமுன் கொஞ்சத்தை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றார்கள்.

விட்டேன். நடக்கிற மனிதனைவிட மெதுவாக. நடுவளைவில் பின்பக்கம் ஒருமுறை விலகியது. பள்ளத்தாக்கு ஜன்னலுக்குள் வந்தது. என் கால் முழுவதும் பிரேக்கை மிதி, மிதி என்று கெஞ்சியது. வெளியிலிருந்து தங்கையின் குரல் மலையில் மோதித் திரும்பியது: "தொடாதை அக்கா! ரெண்டாம் கியர்! ரெண்டாம் கியர்!"

தொடவில்லை. சங்கிலி சாம்பலைக் கடித்தது. வண்டி நிமிர்ந்தது.

கீழே வெயிலில் நிறுத்தியதும் சின்யோரா என் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மலையடிவாரத்தில் சங்கிலியைக் கழற்றி, நெம்பைத் திருப்பிவிட்டு, கடற்கரைப் பாதையில் ஓட்டினேன். நகருக்குள் நுழைந்ததும் வாகன நெரிசல். பனியில் வழுக்கினாலும் பரவாயில்லை, இங்கே அசையவே முடியவில்லை. மூன்று பேர் ஏறிய ஒரு ஸ்கூட்டர் என் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. வதனி மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சின்யோரா அவளிடமிருந்து கைபேசியை வாங்கி, கொமூனேயை அழைத்து, நீளமாக எதையோ சொன்னார்.

"நான் தொண்ணூறு வயசுக்காரி, மலையிலையிருந்து வாறன், கதவைப் பூட்டினா உங்கட வாசலிலையே செத்துக் கிடப்பன் எண்டு சொல்லுறா" என்று கேதீஸ் மெதுவாகச் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு பாதி சாத்தியிருந்தது. நகரசபை அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு பெண், தோளில் போட்ட இத்தாலிய மூவர்ண நாடாவைக் கழற்றாமல் காத்திருந்தார். பக்கத்து வீட்டில் விட்டுவந்த அபி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசற்படியில் குந்தியிருந்தாள். வதனியின் சப்பாத்தெல்லாம் சாம்பல். கேதீசின் நெற்றியிலும் சாம்பல். அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வதனி மேசைக்கு முன்னால் நின்றாள். அந்த நாலு வரியையும் மாதக்கணக்காய் மனப்பாடம் செய்தவள். தொடங்கினாள். மூச்சு விடாமல் ஓடினாள், நேரம் முடிந்துவிடும் என்ற பயத்தில் போலும். பாதியில் ஒரு சொல் தடக்கியது. திரும்ப வேகமாகத் தொடங்கினாள், திரும்பவும் அதே இடத்தில் வழுக்கினாள். மூன்றாம் தரம் குரலே வரவில்லை. அவள் இப்போது எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கைபேசியில் அப்பாவைப் பார்த்த அந்தக் குளியலறைக்குள் நின்றாள்.

எனக்கு இத்தாலியன் தெரியாது. அந்த மண்டபத்தில் பேசலாமோ கூடாதோ என்றும் தெரியாது. எழும்பி நின்று சத்தமாகச் சொன்னேன்:

"வதனி! ரெண்டாம் கியர்."

அதிகாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வதனி திரும்பி என்னைப் பார்த்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. சாம்பல் படிந்த கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மேசைப்பக்கம் திரும்பி, முதல் சொல்லிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, மெல்ல மெல்ல இறங்கி, கடைசிச் சொல் வரை போய்ச் சேர்ந்தாள்.